கடன் வாங்கிக் கழித்தல்

பள்ளிப் பேருந்து இன்று ஓடாது என்று
ஆறரைக்குக் குறுஞ்செய்தி.
வின்னிபெக்கின் காற்று
கதவடியில் செருகிய துண்டைத் தள்ளிப் பார்க்கிறது.
இரவுப் பணி முடிந்து வந்தவள்
சாக்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்குகிறாள்.
சத்தமில்லாத பாடமாய் ஏதாவது
நான்தான் நடத்த வேண்டும்.

கணக்கு என்றேன்.
ஊறவைத்த கொண்டைக்கடலையை எண்ணுவதென்றால்
சரி என்றாள் நறுமுகை.
அவள் எண்ண எண்ணப் பொழிலன் தின்கிறான்.
பச்சையாய்த் தின்னாதேடா என்றால்
"அஞ்சுதான் தின்னேன்" என்கிறான்.
நாலு வயது நிரம்பாதவனுக்கு
எல்லாமே அஞ்சு:
வயது, நேற்று, தூரம், பயம்.

கடலையை அவனிடமே விட்டுவிட்டு
மின்கட்டணக் கடிதத்தைத் திருப்பி
அதன் முதுகில் எழுதினேன்.
நாற்பத்திரண்டு.
அதன்கீழ் பதினேழு.
அடியில் ஒரு கோடு.

"ரெண்டுல ஏழு போகாது."
சொன்னது நான்தான்;
குரல், சுண்ணாம்பு உதிரும் ஒரு வகுப்பறையின்
நாற்பது பேருடையது.
"அதனால பக்கத்து வீட்ல போயி
ஒரு பத்து கடன் வாங்கணும்."

"பக்கத்து வீட்லயா?"
"நாலுகிட்ட."
"நாலு குடுக்கலைன்னா?"
"குடுக்கும்."
"சரி, எப்போ திருப்பிக் குடுப்போம்?"

பென்சிலைக் கீழே வைத்தேன்.
முப்பது வருடமாகக் கழிக்கிறேன்.
நாலை அடித்து மூன்றாக்கியிருக்கிறேன்,
ஆயிரத்தை அடித்துத் தொள்ளாயிரமாக்கியிருக்கிறேன்.
ஒருமுறைகூடத்
திரும்பிப் போய்க் கதவைத் தட்டியதில்லை.

"ரொலாண்டோ மாமாவோட வயர் மாதிரியா?"

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது,
சிவப்பும் கறுப்புமாய்.
நவம்பரில் எங்கள் காருக்கு உயிர் கொடுக்க வாங்கியது.
நாளைக்கு நாளைக்கு என்று
பிப்ரவரி வந்துவிட்டது.

"அது வேற" என்றேன்.
எப்படி வேற என்று அவள் கேட்கவில்லை.
பெரிய மனசு.

பிறகு நாற்காலியை இழுத்துப் போய்
ஜன்னலருகே ஏறி நின்றாள்.
கண்ணாடிக்கு வெளியே ஒட்டிய வெப்பமானியில்
சிவப்புக் கோடு
பூஜ்யத்துக்கு எங்கோ அடியில்
சுருண்டு கிடந்தது.

"ஏழு போகும்ப்பா.
ரெண்டுல நின்னுக்கிட்டு ஏழு படி எறங்கு.
ஒண்ணு, பூஜ்யம், அப்புறமும் படி இருக்கு.
மைனஸ் அஞ்சுல போயி நிப்ப."

ஜாக்கெட்டில் கற்ற பாடம் அது.
மைனஸ் அஞ்சென்றால் கழுத்துவரை ஜிப்.
மைனஸ் இருபதென்றால் மூக்குக்கும் துணி.
எனக்கோ அந்தக் கீழ்த்தள எண்களோடு
ஆறாம் வகுப்பில்தான் அறிமுகம்.
பாதி நம்பினேன்.
விருதுநகரில் எந்தப் பாதரசமும்
பூஜ்யத்தை எட்டிப் பார்த்ததில்லை.

"நாப்பதுல பத்து போனா முப்பது.
முப்பதுக்கு அஞ்சு குளிர்."
உதட்டுக்குள்ளேயே இறங்கினாள்,
இருபத்தொம்பது, இருபத்தெட்டு...
"இருபத்தஞ்சு."

யாரையும் அடிக்கவில்லை.
யார் வீட்டுக்கும் போகவில்லை.

நம்பாமல் என் வழியில் போட்டுப் பார்த்தேன்.
கடன் வாங்கினேன்.
பன்னிரண்டில் ஏழு போய் ஐந்து,
மூன்றில் ஒன்று போய் இரண்டு.

"அப்போ டீச்சர் ஏன் கடன் வாங்கச் சொல்றாங்க?"
"தெரியலை" என்ற ஒற்றைச் சொல்லுக்கு
எனக்கு எவ்வளவு நேரம் பிடித்ததென்று
அடுப்பில் பொங்கி வழிந்த பாலைக் கேட்க வேண்டும்.

விடையை அவளே எழுதினாள்.
இரண்டு சரியாக வந்தது.
ஐந்து மட்டும் வயிற்றை
இந்தப் பக்கம் வைப்பதா அந்தப் பக்கமா என்று குழம்பி
முதுகைக் காட்டி நின்றது.
திருத்தவில்லை.
பூட்ஸ் தேடிக்கொண்டிருந்தேன்,
வயர் தோளில் கிடந்தது.

"எத்தனை வீடு தள்ளிப்பா?" என்றான் பொழிலன்
வாய் நிறையக் கடலையோடு.
நான் வாய் திறப்பதற்குள்
அவனே சொல்லிக்கொண்டான்:
அஞ்சு.